கொலுப் பெட்டியைத் திறந்தால் கிருஷ்ணர் கன்னத்தில் பேப்பர் எழுத்து! நீங்கள் எப்படி எடுத்து வைக்கிறீர்கள்? அப்படியே செலவில்லாத லீவு யோசனையும் வேண்டும்

தேர்முட்டி (திருவாரூர்):

எல்லோருக்கும் வணக்கம். மகாளய அமாவாசைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது என்று நேற்று பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கினேன். மாமியார் கொடுத்த பொம்மைகள், எழுபது சொச்சம் இருக்கும், அதில் பாதி அவருக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. போன வருஷம் விஜயதசமிக்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது, எனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது, கைக்குக் கிடைத்த செய்தித்தாளில் சுற்றி, மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளில் அடைத்து ஏற்றிவிட்டேன். அதற்கான கூலி இப்போது கிடைத்துவிட்டது. வெண்ணெய்க் கிருஷ்ணர் கன்னத்தில் பேப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மெதுவாக இழுத்தால் நீலப் பெயின்டும் சேர்ந்து உரிந்து வருகிறது. உரியாத இடத்தில் "ஆட்கள் தேவை" என்ற எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிப் பதிந்திருக்கிறது. சின்னவன் பார்த்துவிட்டு "கிருஷ்ணர் வேலை தேடுறாராம்மா?" என்கிறான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தசாவதாரத்தில் கல்கியைக் காணோம். செட்டியார் இருக்கிறார், செட்டியாரம்மா இருக்கிறார், கடைச் சாமான் பாதி இல்லை. தீபாவளிக்குப் போடுகிற சீரியல் செட் ஒரே முடிச்சு. கார்த்திகை அகல்களை எண்ணெயோடு ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன், பை முழுக்கப் பிசுக்கு, அதில் எறும்பு. இரண்டு அறை வாடகை வீடு, ஒரே ஒரு பரண், அதில்தான் எல்லாம். நீங்களெல்லாம் எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி. காலாண்டு லீவு வருகிறது, அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளி, மழை லீவு என்று பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஆறு. "திருச்சி மாலுக்குப் போகலாம்" என்று தினம் ஒரு மனு. போன தடவை நாலு பேர் போய் வந்ததில் அந்த மாதக் கேஸ் காசு போயிற்று. மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற மாதிரி புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரைக்கும் என்னென்ன செய்யலாம்? கணவருக்கு ஷிப்ட் வேலை, ஞாயிறு மட்டும்தான் கிடைப்பார்.

குடந்தை வெற்றிலை (கும்பகோணம்):

அம்மாடி, முதலில் அந்தக் கிருஷ்ணரை இழுப்பதை நிறுத்து. ஈரத் துணியும் வைக்காதே. பழைய களிமண் பொம்மைகளுக்குப் பூசிய வர்ணம் தண்ணீர் பட்டால் கரைந்து கையோடு வந்துவிடும். நிழலில், காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் வைத்து நன்றாக உலர விடு. வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். உலர்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால், பெயின்ட் அடிக்கிற பிரஷ் போதும், பேப்பரை ஓரத்திலிருந்து தட்டித் தட்டி எடு. வராத இடத்தை விட்டுவிடு. அதன் மேலேயே அதே நீலத்தைத் தொட்டு வைத்து மூன்றாம் படியில் நிறுத்தினால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டு மீனாட்சிக்கு மூக்கே நான் வைத்ததுதான், நாற்பது வருஷமாக யாரும் கேட்டதில்லை.

செய்தித்தாள் நேராக பொம்மை மேல் படவே கூடாது. நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் மை இளகி ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டியைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, சாண் சாணாகக் கிழித்து வைத்துக்கொள். முதல் சுற்று வேட்டித் துணி, அதற்கு மேல் வேண்டுமானால் பேப்பர். கையும் கழுத்தும் துருத்திக்கொண்டிருக்கிற பொம்மைக்கு அந்த இடுக்கில் முதலில் துணியைத் திணித்துவிட்டு அப்புறம் சுற்ற வேண்டும். உடைவது எப்போதும் அங்கேதான், அதுவும் வைக்கும்போது உடையாது, அடுத்த வருஷம் ஆசையாகத் தூக்கும்போது கையில் தனியாக வரும்.

பெட்டியில் கனமான மண் பொம்மை கீழே, காகிதக்கூழ் பொம்மை மேலே. தஞ்சாவூர்த் தலையாட்டி வைத்திருந்தால் தலை தனி, உடம்பு தனி, பாவாடை தனி என்று கழற்றிச் சுற்று. ஒரே துண்டாக அடியில் கனமாக ஆடுகிற ராஜா ராணி பொம்மையைப் படுக்கப் போடாமல் நிற்க வை, கனம் இருப்பதே அடியில்தான், படுக்கப் போட்டால் மேல் ஓடு நசுங்கும். மரப்பாச்சிக்கு எந்தப் பயமும் இல்லை, புடவையை மட்டும் அவிழ்த்துத் துவைத்து வை.

எங்கள் புகுந்த வீட்டில் காலியான பத்தாயத்தின் மேல் அடுக்கில்தான் கொலு தூங்கும். நெல் வைக்கிற இடம், அதனால் ஈரம் கிடையாது, எலியும் உள்ளே போக வழி இல்லை. இப்போது பத்தாயத்துக்கு எங்கே போவது? பழைய டிரங்குப் பெட்டி கிடைத்தால் வாங்கு. அட்டைப் பெட்டி வேண்டவே வேண்டாம், கரையானுக்கு இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி அது. நன்றாகக் காய்ந்த வேப்பிலை, இரண்டு துண்டு வசம்பு துணியில் முடிந்து மூலைக்கு ஒன்று போடு.

கல்கியைத் தேடு, கிடைப்பார். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் வாமனரைக் காணோம். உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். பேரன் செய்த வேலை.

மன்னார்குடி மதில்:

பாட்டிம்மா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தமும் இல்லை, கூடுதலாகச் சிலது மட்டும்.

நான் வீட்டுக்கு வீடு லைட் போடுகிறவன், அதனால் சீரியல் செட் சிக்கல் எனக்குத் தினசரிச் சோறு. வருஷக் கடைசியில் தினசரி காலண்டர் அட்டை சும்மா கிடக்கும் இல்லையா, அதன் இரண்டு பக்கமும் கத்தரியால் அங்குலத்துக்கு ஒரு வெட்டுக் கொடுத்து, பிளக் முனையை வெளியே விட்டு, மீதி ஒயரை அந்த வெட்டுகளில் மாட்டி மாட்டிச் சுற்றுங்கள். சுற்றுவதற்கு முன் ஒரு தடவை எரியவிட்டுப் பாருங்கள். எரியாததைச் சுற்றி வைத்துவிட்டு அடுத்த தீபாவளிக்கு "போன வருஷம் எரிந்ததே" என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகள் ஏகப்பட்டது. அட்டையின் மேலேயே "வாசல், எரிகிறது" என்றோ "பூஜை அறை, பாதி" என்றோ எழுதிவிடுங்கள். ஒயர் தோல் கடிபட்டிருந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் இருக்கிற வீடு.

கல்கி பிரச்சினைக்கு என் மனைவியின் வழி: ஒரு நாற்பது பக்க நோட்டு. பெட்டிக்கு ஒரு நம்பர், நோட்டில் பெட்டிக்கு ஒரு பக்கம். பெட்டி 2, தசாவதாரம், பத்து. பெட்டி 3, கல்யாண செட், மாப்பிள்ளை பெண் நீங்கலாகப் பதினாலு, நாதஸ்வரக்காரர் கை ஒட்டியது. மூடும்போது எண்ணி, எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோவும் எடுத்துவிடுகிறோம். கொலுவைக் கலைப்பதற்கு முன்னால் படியோடு ஒரு போட்டோ, அடுத்த வருஷம் அடுக்கும்போது சண்டை பாதி குறையும். பாதிதான். இரும்புப் படி என்றால் நட்டு போல்ட்டை ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைப் படிக் கம்பியிலேயே கட்டிவிடுங்கள்.

எடுத்து வைக்கிற நாளைப் பற்றி ஒன்று. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது, மறுநாளே பெட்டியில் போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மழை பெய்கிற நாளில் கட்டினால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் நல்ல வெயில் அடிக்கிற ஒரு நாள் கிடைக்கும், அதுவரை ஒரு மூலையில் துணி போட்டு மூடி வையுங்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவும் நல்லதுதான், ஆனால் உள்ளே போகிற எல்லாமே முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். செருப்பு டப்பாவில், பை வாங்கினால் உள்ளே வருகிற சிலிக்கா ஜெல் பாக்கெட்டைச் சேர்த்து வைத்துப் போடலாம், சின்னவன் கைக்கு எட்டாமல். சிலர் அரிசி முடிச்சுப் போடுகிறார்கள், போடாதீர்கள், வண்டு வந்து எலியும் வரும்.

அந்துருண்டையும் வேண்டாம். நான் ஒரு வருஷம் பிளாஸ்டிக் பூத் தோரணத்தோடு போட்டு வைத்தேன், உருண்டை பட்ட இடமெல்லாம் இளகி ஒன்றோடொன்று ஒட்டி வெல்லப்பாகு மாதிரி ஆகிவிட்டது.

நீடாமங்கலம் ஜங்ஷன்:

எங்கள் அக்கா பையன் வெளிநாட்டிலிருந்து போன் செய்து "மாமா, இங்கே இலையுதிர் காலம், மரமெல்லாம் சிவப்பு, உங்க ஊர்ல எப்படி?" என்றான். இங்கே இலை எங்கே உதிர்கிறது, இப்போதுதான் சம்பாவே பச்சை பிடிக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் பழைய தமிழ்க் கணக்கில் கூதிர் காலம். எனக்கு அது ஜலதோஷக் காலம். சரி, நீங்கள் தொடருங்கள், கல்கி கிடைத்தால் சொல்லுங்கள்.

மாயவரத்துக்காரன்:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். திருவாரூரில் உட்கார்ந்துகொண்டு திருச்சி மாலுக்குப் போவானேன்? கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சொல்கிற ஊர் உங்களுடையது. சாயங்காலம் கமலாலயக் குளக்கரையை ஒரு சுற்று நடந்தால் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும், கையில் ஆளுக்கு ஒரு பொட்டலம் கடலை, அன்றைய பொழுது முடிந்தது.

சரஸ்வதி பூஜைக்குக் கூத்தனூர். மயிலாடுதுறைப் பாசஞ்சர் ஏறிப் பூந்தோட்டத்தில் இறங்கினால் பக்கம்தான். ஒட்டக்கூத்தர் பெயரைத் தாங்கிய ஊர், சரஸ்வதிக்கென்றே தனிக் கோயில். பூஜை அன்று பாத தரிசனம், விஜயதசமி அன்று நெல்லில் "அ" எழுத வருகிற குழந்தைகள் கூட்டம். கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டம் இல்லை, ஆறு வயதுப் பையனை வைத்துக்கொண்டு விடியற்காலை முதல் வண்டியில் போய்விட்டு வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் சரஸ்வதியைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அல்லது ஒரு வாரம் கழித்து ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை போங்கள், அம்பாளும் நிம்மதியாக இருப்பாள்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். மாதம் முழுக்கத் துலாக் கட்டத்தில் காவிரி முழுக்கு, கடைசி நாள் கடைமுகம். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்று சும்மாவா சொன்னார்கள்? பிள்ளைகளுக்கு முடவன் முழுக்குக் கதை சொல்லிக்கொண்டே வாருங்கள்: கால் முடியாத ஒருவர் ஐப்பசி முழுக்குக்கென்று எங்கிருந்தோ கிளம்பி, தவழ்ந்து தவழ்ந்து வந்து சேரும்போது மாதம் முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது, அவருக்காகச் சாமி இன்னொரு நாள் கொடுத்தார், அதனால் கார்த்திகை ஒன்றாம் தேதியும் முழுக்கு உண்டு. என் மகள் நாலு வயதில் இதைக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போன ஒரு நாள் டீச்சரிடம் இதையே சொல்லியிருக்கிறாள். கடைமுகத்தன்று வேண்டாம், கூட்டம் நசுக்கும், நடுவில் ஏதாவது ஒரு நாள் வாருங்கள். படியில் பாசி வழுக்கும், தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, சின்னவனைக் கையை விடாமல் கீழ்ப்படிக்கு மேலேயே நிறுத்திச் சொம்பால் ஊற்றிவிடுங்கள். அதுவும் முழுக்குதான்.

ஐப்பசி சதயத்துக்குத் தஞ்சாவூர். ராஜராஜன் பிறந்த நட்சத்திரம். பெரிய கோயில் கட்டி முடித்தது 1010-ல் என்பதைப் பெரியவள் பாடத்தில் படித்திருப்பாள், ஆனால் அன்று அந்தப் பிராகாரத்தில் ஓதுவார்கள் திருமுறை பாடிக்கொண்டு வருவதைக் கேட்டுவிட்டு வந்தால் பாடம் வேறு மாதிரி மனதில் நிற்கும். ஒரு பைசா டிக்கெட் இல்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போய்ப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதைவிட நல்ல ஓட்டல் தஞ்சாவூரில் கிடையாது, என் அபிப்பிராயம்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு எங்கேயும் போக வேண்டாம், பக்கத்துச் சிவன் கோயிலே போதும். லிங்கம் முழுக்க அன்னம் சார்த்தி, காய் கனியெல்லாம் வைத்து அலங்காரம் செய்திருப்பார்கள், அப்புறம் அதையே கலந்து பிரசாதமாகக் கொடுப்பார்கள். வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட அடம் பிடிக்கிற பிள்ளை அங்கே கையேந்திக்கொண்டு நிற்கும், பாருங்கள்.

கார்த்திகை பிறந்த பிறகு வடுவூர் ஏரி. மன்னார்குடி தஞ்சாவூர் ரோட்டிலேயே இருக்கிறது. மதியம் மூன்றரைக்குப் போய் இறங்குங்கள், பறவை திரும்புகிற நேரம் வரைக்கும் பொறுத்திருங்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து எத்தனை வகை என்று எண்ணச் சொல்லுங்கள். நான் பொய் எண்ணிக்கை சொன்னதைக்கூட என் பையன் பிடித்துவிட்டான்.

நாலு பேருக்குப் பாசஞ்சர் ரயில் ஒன்றும் பெரிய காசு இல்லை, சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் மகளுக்கும் 2021-லிருந்து டிக்கெட்டே இல்லை. ஆயிரத்தில் பாதி மிஞ்சும். மிஞ்சியதில் எங்கள் ஊர் ஸ்டேஷன் பக்கம் காபி குடியுங்கள். குடந்தைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

குடந்தை வெற்றிலை (கும்பகோணம்):

சண்டைக்கு வரவில்லை. காபிப் பொடியை எங்கள் ஊரிலிருந்து வாங்கிப் போய்ப் போட்டால் அங்கேயும் நன்றாகத்தான் இருக்கும்.

வேதாரண்யம் விளக்கு:

திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். தேர் வந்தாயிற்று, மதில் வந்தாயிற்று, விளக்கழகுக்கு நான் வந்துவிட்டேன்.

எடுத்து வைப்பது பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், பட்டுத் தெரிந்துகொண்டது. எல்லாவற்றையும் ஒரே பரணில் வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது எங்கள் வீட்டு ஓடு முக்கால்வாசி பறந்துவிட்டது. பரணில் இருந்த நாலு பெட்டிக் கொலுவும் கரைந்து, திறந்து பார்த்தபோது சேறுதான் இருந்தது, சேற்றுக்கு நடுவில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த மரப்பாச்சி ஜோடிக்கு ஒன்றும் ஆகவில்லை. சில பேர் வீட்டில் நேர்மாறு, தரையில் வைத்தது தண்ணீரில் போயிற்று, மேலே இருந்தது தப்பியது. அதனால் இப்போது வீட்டுக்கு ரொம்ப முக்கியமான அஞ்சாறு பொம்மையை மட்டும் தடியான பிளாஸ்டிக் கவரில் கட்டித் துணி பீரோவுக்குள், மீதியைச் செங்கல் மேல் பலகை போட்டு அதன் மேல். அந்த வருஷம் கஜாவுக்கு ஒரு வாரம் கழித்துக் கார்த்திகை தீபம் வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் கிடையாது, சீரியல் செட் கிடையாது, பொரி கூடக் கிடையாது. நிவாரணத்துக்கு வந்த எண்ணெயில் வீட்டுக்கு மூன்று அகல் வைத்தோம். அந்தத் தெருவை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்த அகல் மூன்றும் இன்னும் இருக்கிறது.

அகலுக்கு வருகிறேன். புதிதாக வாங்கினால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைத்துவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயை விளக்கே குடித்துவிடும். கார்த்திகை முடிந்ததும் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் சீயக்காய் போட்டு அரை மணி ஊறவிட்டு, சாம்பலால் தேய்த்து, நன்றாக வெயிலில் காயவைத்தால் பிசுக்கும் வராது எறும்பும் வராது. பத்துப் பத்தாக அடுக்கி நடுவில் துணி வைத்து கட்டிவிடுங்கள்.

செலவில்லாத விளையாட்டு என்றால் மாவலி. காய்ந்த ஆண் பனம்பூவைக் குழியில் போட்டுக் கொளுத்தி, நெருப்புப் பிடித்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் மறுநாள் கரியாக இருக்கும். இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் விரல் கனத்துக்கு நீளமாகச் சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்து இரண்டு முனையையும் கட்டி, நீளக் கயிறு. ஒரு ஓரத்தில் நெருப்பு வைத்துச் சுற்றினால் தங்கப் பூ கொட்டுகிற மாதிரி பொறி பறக்கும். சுற்றுவது பெரியவர்கள் வேலை, பருத்திச் சட்டை, வைக்கோல் போர் பக்கம் போகக் கூடாது. தயார் செய்கிற வேலை முழுக்கப் பிள்ளைகளுடையது, இடிக்கிற அன்று முகம் மட்டும் அடையாளம் தெரியாது.

இன்னொன்று, இப்போதே செய்தால்தான் உண்டு. புரட்டாசியில் பனம்பழம் விழுந்துகொண்டிருக்கும். பொறுக்கி வந்து சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, கொட்டையை எறியாமல் மணலைக் குவித்துப் பாத்தி போட்டு நெருக்கமாக அடுக்கி மூடிவிடுங்கள். பொங்கல் சமயத்துக்குக் கிழங்கு. நடுவில் ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, இனிப்பாக ஒரு பஞ்சு இருக்கும், பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். கோடியக்கரைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், வெளிமானும் பூநாரையும் இருக்கிற ஊர், நவம்பருக்கு மேல் பறவை நிறைய வரும்.

தேர்முட்டி (திருவாரூர்):

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. கல்கி கிடைத்துவிட்டார்! வேறெங்கும் இல்லை, பெரியவளின் ஜியோமெட்ரி பாக்ஸில். போன வருஷம் குதிரை வரைய எடுத்தாளாம். கிருஷ்ணருக்குப் பாட்டிம்மா சொன்னபடி பிரஷ் வைத்தியம் நடக்கிறது. பாட்டிம்மா, பூங்கா வைக்கப் பிள்ளைகளுக்கு ஏதாவது சுலபமாகச் சொல்லுங்களேன், கடையில் பிளாஸ்டிக் புல் விலை கேட்டு வந்துவிட்டேன்.

குடந்தை வெற்றிலை (கும்பகோணம்):

புல்லுக்குக் காசு கொடுப்பார்களா? பழைய தாம்பாளத்தில் ஆற்று மணல் பரப்பி, ராத்திரி ஊறவைத்த வெந்தயத்தையும் கடுகையும் அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் தூவித் தண்ணீர் தெளித்து வா, கொலு வைத்து மூன்றாம் நாள் பச்சையாக நிற்கும். கேழ்வரகு போட்டால் நாற்றங்கால் மாதிரியே இருக்கும். நடுவில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் களிமண்ணால் கரை கட்டிக் கல்லணை என்று பெயர் வைக்கச் சொல். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் கல்லணை உடைந்து முதல் படியில் வெள்ளம் வந்தது, தட்டு ஆழமானதாகப் பார்த்து எடு.

தேர்முட்டி (திருவாரூர்):

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, வந்து சொல்லாமல் போனால் நன்றி கெட்டவள் என்பீர்கள்.

கொலு கலைத்த கதை முதலில். விஜயதசமிக்கு ஐந்து நாள் கழித்து ஒரு ஞாயிறு நல்ல வெயில் அடித்தது. மாமனாரின் வேட்டி மூன்று கிழிந்தது (அவர் நல்ல வேட்டி ஒன்றும் அதில் போய்விட்டதாகச் சொல்கிறார், எனக்கு அப்படித் தெரியவில்லை). கணவர் துணியால் சுற்ற, நான் அடுக்க, பெரியவள் நோட்டில் எழுத, சின்னவன் நம்பர் ஒட்ட என்று மதியச் சாப்பாடே மூன்று மணிக்குத்தான். எனக்கு ஆச்சரியம், கூத்தனூருக்குப் போன நாளைவிட அன்றைக்குத்தான் பிள்ளைகள் அதிகம் சிரித்தார்கள். சுற்றி முடித்த பொம்மை எது என்று தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர்களாகவே ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். பிள்ளையாரை எல்லோரும் சொல்லிவிட்டோம். செட்டியாரை மட்டும் மாமியார்தான் சரியாகச் சொன்னார், தொப்பையைத் தொட்டதுமே. அந்தச் செட்டியாருக்குக் காது ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கும், அது மாமியார் கல்யாணமாகி வந்த வருஷம் அவர் கையால் விழுந்ததாம், இத்தனை வருஷமாக எங்கள் யாருக்கும் தெரியாது. பெரியவள் அதையும் நோட்டில் எழுதிவிட்டாள்.

டிரங்குப் பெட்டி பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது, ஓரத்தில் துரு, தேய்த்துப் பெயின்ட் அடித்தோம். மொத்தம் ஆறு பெட்டி. முக்கியமான பொம்மைகள் பீரோவுக்குள், வேதாரண்யம் அண்ணன் சொன்ன மாதிரி. காலண்டர் அட்டை யோசனை பிரமாதம், தீபாவளி அன்று இரண்டு நிமிஷத்தில் வாசலில் விளக்கு எரிந்தது.

துலாக் கட்டம் போனோம், சதயத்துக்கு மழை பிடித்துக்கொண்டதால் போக முடியவில்லை, அதற்கு அழுதது பிள்ளைகள் இல்லை, கணவர். வடுவூரில் சின்னவன் எண்ணிக்கை பதினேழு வகை, அதில் ஒன்று காக்காய், ஒன்று கோழி. கார்த்திகைக்கு மாவலி சுற்றினோம், திருத்துறைப்பூண்டி பக்கம் கணவரின் ஊரில். கரி சரியாக வேகவில்லையோ என்னவோ, முதல் மாவலி புகைந்துவிட்டு அணைந்தது, இரண்டாவது பறந்தது பாருங்கள், தெருவே வெளியே வந்துவிட்டது. குப்பைக் கார்த்திகை அன்று எருக்குழி ஓரத்தில் ஒரு விளக்கு வைக்கச் சொல்லி மாமியார் அனுப்பினார், "குப்பைக்கும் விளக்கா?" என்று சின்னவனுக்கு ஒரே வியப்பு. அவனே வைக்கிறேன் என்று பிடித்துக்கொண்டு போனான்.

மூன்று மாதத்துக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு ஆகியிருக்கிறது, டிரங்குப் பெட்டியோடு சேர்த்து. திருச்சி மால் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, ஆனால் வாரம் ஒரு தடவைதான் வருகிறது.

பனங்கொட்டைப் பாத்தி அந்த ஊர் வீட்டுக் கொல்லையில் போட்டிருக்கிறோம். போகும்போதெல்லாம் சின்னவன் ஒன்றைத் தோண்டிப் பார்த்துவிட்டு மறுபடி புதைக்கிறான், இப்படிப் போனால் பொங்கலுக்குக் கிழங்கு இருக்குமா என்று வேதாரண்யம் அண்ணன்தான் சொல்ல வேண்டும். நேற்று போனபோது பார்க்கிறேன், பாத்தி ஓரத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் மிச்சமிருந்த ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறான். பெட்டி 7.